மாடனுக்கு வக்காலத்து

நேற்று மாலை உங்களோடு சாயாக்கடையில் நின்று அரசியல் பேசிய ஒருவர், இன்று விடிகாலையில் தோட்டத்து வரப்பில் செத்துக் கிடக்கிறார். ஊரில் நாலு பேர் மதிக்கும் ஒருவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "மாடன் அடிச்சிட்டாரு" என்கிறார். மாடன் எங்கள் பக்கத்துக் காவல் தெய்வம். மாலைக்குள் எரித்தாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் நீங்களும் நின்றிருந்தால், "அது உமக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்களா?

உடனே ஆமாம் என்று தலையாட்டாதீர்கள். பூதப்பாண்டிக்கு வடக்கே மலையடிவாரத்தில் உள்ள ஒரு ஊரில் சுடலையாண்டி என்ற கூலித் தொழிலாளி அப்படித்தான் செத்தார். பார்க்க வந்தவர்களில் பட்டதாரிகள் இருந்தார்கள். வாத்தியார் இருந்தார். துபாயில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதித்துவிட்டுத் திரும்பியவர்கள் இருந்தார்கள். எவரும் கேட்கவில்லை. சில வருடம் கழித்து ஒரு துப்பறியும் நாவல் கேட்டது. அதை எழுதியவருக்கு அப்படி ஒரு சாவு நடந்ததே தெரியாது.

அவர் பெயர் ஓமனா. அறுபத்திரண்டு வயது. பிறந்தது குழித்துறையில். மின்வாரிய அலுவலகங்களில் தட்டச்சராகத் தொடங்கி கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். கணவர் இறந்த பிறகு, பணி ஓய்வும் வந்ததும், சுடலையாண்டி செத்து வெகுநாள் கழித்து, அதே ஊரில் உள்ள கணவரின் பூர்வீக வீட்டில் வந்து தனியாகக் குடியேறினார். மகன் ஷார்ஜாவில். இவர் 'வெள்ளம்' என்று தண்ணீரைச் சொன்னால் கிழக்கத்திக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இன்னும் நாலு மலையாள வார்த்தையைச் சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம்.

ஓய்வு பெற்ற பெண் என்ன செய்ய வேண்டும் என்று நம் சமூகம் தெளிவாக முடிவு செய்து வைத்திருக்கிறது. பேரப்பிள்ளை வளர்க்கலாம். கோயில் சுற்றலாம். சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றிப் பேசலாம். ஓமனா ஆட்களைக் கொல்ல ஆரம்பித்தார், தாளில். பணியில் இருந்த காலம் முழுக்க பஸ்ஸிலும் மதிய இடைவேளையிலும் கொலைக் கதைகளாகவே வாசித்துத் தள்ளியவர் அவர்.

முதல் நாவலை எழுதி முடித்ததும் சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினார். பதிப்பாளர் தொலைபேசியில் மிகவும் கனிவாகப் பேசினார்.

"அம்மா, உங்க நடை நல்லாருக்கு. ஆனா உங்க வயசுக்கு நினைவுக் குறிப்பு எழுதலாமே? இல்ல, உங்க பக்கத்துச் சமையல்? அதுக்கு நல்ல வரவேற்பு இருக்கு."

"எனக்குச் சமையல் அவ்வளவு வராது சார். கொலைதான் நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு ஓமனா வைத்துவிட்டார்.

பிறகு நாகர்கோவிலில், வடசேரி பக்கம் டிடிபி கடை வைத்திருக்கும் ஜெமியைப் பிடித்தார். ஜெமி வேகமாக வேலை செய்கிறவர், ஆனால் துப்பறியும் கதை படித்துப் பழக்கமில்லாதவர். பின்னட்டைக்குக் கதைச் சுருக்கம் எழுதச் சொன்னால், கொலைகாரன் பெயர் உட்பட மொத்தக் கதையையும் ஒழுங்காகச் சுருக்கி அச்சடித்துவிட்டார்.

"நீங்க சுருக்கம்னுதானே அக்கா சொன்னியோ? முடிவு இல்லாம என்ன சுருக்கம்?"

ஓமனா தலையில் கைவைத்தார். ஆனால் புத்தகம் விற்றது. கொன்றவன் யாரென்று முதலிலேயே தெரிந்துவிட்டதால் பதற்றமில்லாமல் நிம்மதியாகப் படிக்க முடிந்தது என்று பலர் பாராட்டினார்கள். அரிசிக் கடையிலும் தையல் கடையிலும் வாட்ஸ்அப்பிலும் விற்றே முதல் அச்சு தீர்ந்தது.

பிரச்சினை இரண்டாவது நாவலில்தான் வந்தது. அதன் தலைப்பு 'மரச்சீனி விளையில் அடிச்சது யாரு?'

இந்தக் கதைக்கான விதை அலுவலகத்தில் கிடைத்தது. விபத்து அறிக்கைகளில் 'மின்சாரம் தாக்கி' என்று ஓமனா தட்டச்சு செய்வார். எதிரில் அழுதுகொண்டு நிற்கும் குடும்பத்தார் 'கரண்டு அடிச்சிட்டு' என்பார்கள். எங்கள் பக்கம் மாடனும் அடிப்பார், கரண்டும் அடிக்கும். வினை ஒன்றுதான். வால் மட்டும் வேறு. கரண்டு, இடி, காற்று என்று அஃறிணை எதுவானாலும் 'அடிச்சிட்டு'. சாமி என்றால் மரியாதை கூடி 'அடிச்சிட்டாரு'. சின்னப் பிள்ளைகூட மாடனை அது இது என்று பேசாது. பேசினால் வாயில் அடி விழும்.

இந்த ஒரு வாலில் முழு நாவலையும் கட்டித் தொங்கவிட்டார் ஓமனா. மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, விளையும் தோட்டத்தில் ஒரு வேலையாள் விழுந்து கிடக்கிறான். சாவதற்கு முன் "அடிச்சிட்டு... தொடாத" என்கிறான். மாடன் அடித்துவிட்டார், சாமியாடி வந்து திருநீறு போடும்வரை தொடக்கூடாது என்று ஊர் விலகி நிற்கிறது. ஓய்வுபெற்ற தபால்காரப் பெண் ஒருத்திக்கு மட்டும் அந்த வால் உறுத்துகிறது. 'அடிச்சிட்டாரு' என்று அவன் சொல்லவில்லையே? சாகும்போது ஒருவன் மாடனிடம் மரியாதை தவறுவானா? அவள் தோட்டத்துக்குப் போகிறாள். காட்டுப் பன்றியைத் தடுக்க பம்பு செட்டிலிருந்து களவாகக் கரண்டு இழுத்துக் கட்டிய கம்பி வேலி அங்கே இருந்த தடம் தெரிகிறது.

நான் பூதப்பாண்டியில் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் இந்த நாவலைப் பற்றிப் பேசினோம். குறைகள் உண்டு. நடுவில் வரும் காதல் கதை தேவையே இல்லை. ஆனால் எந்தப் பகுத்தறிவுப் பிரச்சாரக் கூட்டமும் செய்யாத ஒன்றை அந்தப் புத்தகம் செய்தது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெற்றிலை வாங்க வந்தவர்கள் கடையில் நின்று 'ட்டு'வுக்கும் 'ட்டாரு'வுக்கும் சண்டை போட்டார்கள்.

புத்தகம் வந்த மாதமே பிந்து ஓமனாவின் வீட்டுக்கு வந்தார். செத்துப்போன சுடலையாண்டியின் மனைவி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். கையில் அரிசிக் கடையில் வாங்கிய நாவல்.

"அக்கா, எனக்க மாப்பிள்ள கடைசியா சொன்னத உங்களுக்கு யாரு சொல்லித் தந்தா?"

ஓமனாவுக்குப் புரியவில்லை. "எந்த மாப்பிள்ள? நீ யாருக்க பெஞ்சாதி மக்ளே?"

பிந்து நின்றபடியே சொன்னார். விடியும் முன் வாழைக்குத் தண்ணீர் திருப்பப் போன கணவர் திரும்பவில்லை. தேடிப்போனால், சிவதாணுவின் தோட்ட வரப்பில் மல்லாந்து கிடந்தார். உயிர் இருந்தது. 'அடிச்சிட்டு பிந்து... தொடாதட்டி' என்றார். அதற்குள் பம்பு ரூம் பக்கமிருந்து ஓடிவந்த சிவதாணு, 'மாடன் அடிச்சிருக்காரு, யாரும் தொடாண்டாம்' என்று கையை விரித்துத் தடுத்தார்.

"நான் தொடல அக்கா. தண்ணிகூடக் குடுக்கல. குடிச்சிட்டு மாடனுக்க பாதையில செருப்போட நடந்தான், அதான் அடிச்சாருன்னு சொன்னாங்க. அவரு குடிக்கவே மாட்டாரு. பள்ளிக்கூடத்துல எனக்க பிள்ளையளப் பாத்து மாடன் அடிச்சவனுக்க பிள்ளன்னு சொல்லி பக்கத்துல இருக்க மாட்டேங்காவ. உங்க கதையில அப்பிடியே இருக்கு. யாரு சொன்னா, சொல்லுங்க."

"ஒருத்தரும் சொல்லல மக்ளே. கதையாட்டு எழுதினதாக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் சொன்னது உண்மை. ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொண்டு ஒருவர் மீது பழி சொல்ல முடியாது என்பதும் ஓமனாவுக்குத் தெரியும். அதையும் சொன்னார். பிந்து தலையாட்டிவிட்டுப் போனார். அன்று முதல் ஓமனாவுக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். அவர் என்னிடம் சொன்னது வேறு: "கோவம்தான் வந்துது. நான் ரெண்டு மாசம் மண்டைய ஒடச்சு உண்டாக்கின கொலைய, எவனோ ஒருத்தன் சும்மா செய்து வச்சிருப்பானோன்னு."

அடுத்து வந்தவர் சிவதாணு. வாழைத் தோட்டக்காரர், கோயில் கமிட்டித் தலைவர். ஓமனாவின் கணவரை அண்ணன் என்று அழைத்தவர், அதனால் இவரை மைனி என்பார். மிக மரியாதையாகத்தான் தொடங்கினார்.

"மைனி, புத்தகத்த திரும்ப வாங்கிருங்க. ஊருக்குள்ள ஒரே பேச்சு. மாடனப் பழிச்சு எழுதியிருக்கியோன்னு பயலுவ கொதிக்கான்."

"எந்தப் பக்கத்துல பழிச்சிருக்கு தம்பி? காட்டுங்க."

"நான் அதெல்லாம் படிக்கல."

"படிக்காமலே கொதிக்கியளா?"

"மைனி, நீங்க மேற்க இருந்து வந்தவோ. எங்க மாடனுக்க வெசயம் ஒங்களுக்குத் தெரியாது. கொடைக்கு முன்ன கமிட்டியில வந்து, தப்பாப் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. புத்தகத்த எல்லாம் கொண்டு ஒப்படைச்சிருங்க. இல்லன்னா வரி வாங்க மாட்டோம். கல்யாணம் காட்சி, நாளைக்கு ஒங்களுக்கே ஒண்ணு ஆனாலும் ஊர் வராது."

கொடைக்கு வீட்டுக்கு வீடு வாங்கும் வரிதான் அந்த ஊரில் ஒரு குடும்பம் ஊரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். அதை வாங்க மறுப்பது ஊர்விலக்கு. சட்டத்தில் இடமில்லாத தண்டனை. தீர்ப்புத் தாள் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. தனியாக வாழும் ஒரு பெண்ணிடம், உன் பிணத்தைத் தூக்க ஆள் வராது என்று சொல்லும் துணிச்சலுக்குப் பெயர் இங்கே பக்தி.

மகன் ஷார்ஜாவிலிருந்து அழைத்து, "சாரின்னு சொல்லிட்டு விடும்மா, எதுக்கு டென்ஷன்" என்றான். ஜெமியும் பயந்தார். ஒரு மன்னிப்பு. ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் ஊர் திரும்பக் கிடைக்கும். ஆனால் சொன்ன நிமிடமே, சுடலையாண்டியை அடித்தது மாடன்தான் என்று அவரே கையெழுத்துப் போட்டது போலாகும்.

கூட்டம் ஒரு ஞாயிறு காலை கோயில் தகரக் கொட்டகையில் நடந்தது. ஓமனா அழைத்ததால் நானும் போயிருந்தேன். கமிட்டிக்காரர்கள் நாற்காலியில். ஊர் ஆண்கள் பாயில். பெண்கள் ஓரமாக நின்றார்கள், பிந்துவும் அவர்களோடு. ஓமனாவுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. அடுக்கி வைத்திருந்ததில் ஒன்றை அவரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மன்னிப்புக் கேக்க வந்ததுதானே மைனி? கேட்டிருங்க, முடிப்போம்" என்றார் சிவதாணு.

"எதுக்குக் கேக்கணும்?"

"மாடனக் கேவலப்படுத்தினதுக்கு."

ஓமனா எழுந்தார். "கேவலப்படுத்தினது ஆரு? ஒரு ஏழைக் கூலிக்காரன், பொண்டாட்டி பிள்ள உள்ளவன், தண்ணி திருப்பப் போனவன். அவனக் காரணமில்லாம அடிச்சுக் கொன்னாருன்னு மாடன் மேல பழி போட்டது நானா? எனக்க கதைய எடுத்துப் பாருங்க. கடைசிப் பக்கத்துல மாடன் கொல்லலன்னு எழுதியிருக்கேன். எங்க குழித்துறை வீட்டுலயும் மாடன் உண்டு. செய்யாத கொலைக்கு அவர நீங்க பிரதிக் கூண்டுல ஏத்தினியோ, நான் வக்காலத்து வாங்கியிருக்கேன். நிரபராதின்னு எழுதினதுக்கா மன்னிப்பு?"

பாயில் இருந்து யாரோ சிரித்துவிட்டார். ஒரு கிழவர், "வக்கீலம்மா ஃபீசு வாங்கியாச்சா?" என்று கேட்க, சிரிப்பு பரவியது. சாமிக்கு வாய் கிடையாது. அதனால்தான் வாயுள்ளவர்கள் தங்கள் பழியை எல்லாம் அங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அந்தச் சாமிக்காக ஒருவர் வந்து வாதாடுவார் என்று கமிட்டி எதிர்பார்த்திருக்கவில்லை.

சிரிப்பு சிவதாணுவைச் சுட்டது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கதையாம் கதை! வாழைய மரச்சீனியா மாத்தி எழுதினா எனக்குத் தெரியாதா? எனக்க தோட்டத்தச் சொல்லுதியோன்னு எனக்குத் தெரியாதா? பன்னிக்குக் கம்பி நான் மட்டுமா கட்டுகேன்? மலையோரத்துல எல்லாவனும் கட்டுகான். கரண்டு விட்டிருக்கு, அந்தப் பக்கம் போகாதலேன்னு மொத நாளே அவன்கிட்ட சொல்லித்தானே இருந்தேன்! மறந்துட்டுப் போய் மிதிச்சா நான் என்ன..."

அவர் நிறுத்தினார். சிரித்துக்கொண்டிருந்த கிழவரின் வாய் திறந்தபடியே இருந்தது.

ஓமனா மெதுவாகக் கேட்டார். "தம்பி, எனக்க கதையில வாற தோட்டக்காரனுக்குப் பேரே கிடையாது. ஊருக்கும் பேரு கிடையாது. இது ஒங்க தோட்டம்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

ஒரு துப்பறியும் நாவலாசிரியர் தன் வாழ்நாளில் இப்படி ஒரு குற்றவாளியைச் சந்திக்க முடியாது. படிக்காத புத்தகத்தில் தன்னையே அடையாளம் கண்டு, எழுந்து நின்று, ஆஜர் கொடுத்த ஆள்.

பெண்கள் பக்கமிருந்து பிந்து நடந்து வந்தார். கமிட்டி நாற்காலிகளுக்கு முன்னால் பெண்கள் போகும் வழக்கம் அங்கே இல்லை. போய் நின்றார்.

"அப்பம் கம்பி இருந்துதா?"

சிவதாணு தள்ளிவிட்ட நாற்காலியைத் திரும்ப இழுத்தார்.

"அடிச்சிட்டுன்னு எனக்க மாப்பிள்ள சொன்னாரு. அடிச்சிட்டாருன்னு சொல்லல. நான் அன்னைக்கே சொன்னேன், ஒங்களுக்க காதுல விழல. தொடாதட்டின்னு என்னையக் காப்பாத்தத்தான் சொல்லியிருக்காரு. நான் தீட்டுன்னு நெனச்சு தள்ளி நின்னேன். வாய்க்குத் தண்ணி ஊத்தாம நின்னேன். ஏன் ஓய் என்னைய அப்பிடி நிக்க வச்சீரு?"

அந்த ஊரில் சிவதாணுவை 'ஓய்' என்று ஒரு கூலிக்காரப் பெண் அழைத்தது அதுதான் முதல் முறை. கமிட்டிக்காரர் ஒருவர், "ஏட்டி, மரியாத!" என்றார். பிந்து திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் தன் வேட்டியைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டார். கூட்டம் கலைந்தது. மன்னிப்பு பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

இங்கே கதை முடிந்திருந்தால் ஓமனாவின் நாவல் மாதிரி இருந்திருக்கும். உண்மையில் நடந்தது என்ன? சிவதாணு மறுநாளே, தான் பொதுவாகச் சொன்னதாகவும், ஆத்திரத்தில் வாய் தவறியதாகவும், கம்பியே கட்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார். ஓமனா வீட்டு வரியைக் கமிட்டி வாங்கவில்லை. கொடைக்கு அவர் வரக்கூடாது என்றார்கள். அவர் போனார். முன்வரிசையில், மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்றார். "ஒங்களுக்கு இங்க என்ன காரியம்?" என்று ஒருவர் மறித்தபோது, "எனக்க கட்சிக்காரரப் பாக்க வந்தேன்" என்றார். மறித்தவர் வழிவிட்டார். நான் கடவுளை நம்புகிறவன் இல்லை. ஆனால் அன்று அந்தக் கோயிலில் மாடன் பக்கம் நின்ற ஒரே ஆள் ஓமனா என்று எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

பிந்து ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறார். ஓமனாதான் தட்டச்சு செய்து கொடுத்தார். ஒரு உவமைகூட இல்லாமல், தான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்கிறார். உடலை எரித்தாகிவிட்டது. கம்பியைச் சுருட்டியாகிவிட்டது. இனி மிச்சம் இருப்பது அன்று கொட்டகையில் சிவதாணு சொன்ன வார்த்தைகளும், அவற்றைக் கேட்ட காதுகளும்தான். விசாரணை தொடங்கியதும் அந்தக் காதுகளுக்கு என்னவோ ஆகிவிட்டது. மைக் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றார் ஒருவர். அன்று மைக்கே வைக்கவில்லை. பாதியில் எழுந்து போய்விட்டதாகச் சொன்னார் இன்னொருவர், சிரித்த அதே கிழவர். நானும் ஓமனாவும் எங்கள் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டோம். நான் வெளியூர்க்காரன், அவர் தகராறில் ஒரு தரப்பு, உள்ளூரிலிருந்து ஒருவராவது வேண்டும் என்கிறார்கள்.

ஓமனா மூன்றாவது நாவலைப் பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறார். "இது முடியாம அது ஓடாது" என்கிறார். அவர் வீட்டுக் கதவில் யாரோ சாணியை எறிந்தார்கள். கழுவிவிட்டு, இரண்டாவது நாவலின் புதிய அச்சுக்கு ஜெமியிடம் சொல்லிவிட்டு வந்தார். பின்னட்டையில் சுருக்கம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பத்திரிகை அந்த ஊருக்கு வருகிறது என்று எனக்குத் தெரியும். சாயாக்கடையில் ஒன்றும் வாத்தியார் வீட்டில் ஒன்றும் போடுகிறார்கள். ஆகவே, அன்று பாயில் உட்கார்ந்திருந்தவர்களே, ஓரமாக நின்றிருந்த பெண்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். சிவதாணுவைத் தண்டியுங்கள் என்று கேட்கவில்லை, அது நீதிமன்றத்தின் வேலை. மாடனை விட்டுவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. வருகிற திங்கட்கிழமை பிந்து மறுபடியும் நாகர்கோவிலுக்கு ஆட்சியர் அலுவலகம் போகிறார். காலை பஸ்ஸில், இரண்டு பிள்ளைகளோடு. உங்களில் ஒருவராவது அந்த பஸ்ஸில் ஏறுங்கள். அவர் பக்கத்தில் உட்காருங்கள். அங்கே போய், கேட்டதைக் கேட்டேன் என்று சொல்லுங்கள்.